சமையலறைச் சுவரில் யாருடைய பூ

அடுப்பில் வெங்காயம் பொன்னிறத்துக்கு வந்து, மிளகாய்த்தூள் போடப் பொர்பாலா கையை நீட்டிய நேரத்தில் எதெல்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏம்மா, வியாழக்கிழமைக்குள்ள இந்தச் சுவருக்கு வெள்ளையடிச்சிரு."

எதெல்கா, பொர்பாலாவின் கணவன் கல்மானுக்கு அக்கா. புதாபெஸ்ட்டிலிருந்து புவனோஸ் அயர்ஸுக்குத் தம்பியைப் பார்த்துவிட்டுப் போக இரண்டு வாரத்துக்கு வந்தவள். வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. விருந்தாளி பாத்திரம் கழுவுவது முறையல்ல என்பதால் இன்றுவரை கழுவியதில்லை.

அவள் சொன்ன சுவர் முழுக்கப் பூக்கள். சிவப்பும் நீலமுமாக, நடுவில் ஒரு பெரிய ரோஜா, அதைச் சுற்றி மணிப்பூக்கள், மிளகாய்ப் பழங்கள். பொர்பாலா போட்டவை. அவள் பிறந்த கலோச்சா பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் ஈஸ்டருக்கு ஈஸ்டர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதிதாகப் பூப் போடுவார்கள். அங்கே ஈஸ்டர் வசந்தத்தில் வரும், இங்கே இலையுதிர்காலத்தில் வருகிறது. தெருவெல்லாம் சருகு பறக்க, அவள் பாட்டுக்குச் சமையலறையில் பூப் போட்டுக்கொண்டிருப்பாள்.

எதற்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பொர்பாலா கேட்டாள்.

"பத்திரிகைக்காரி வரா, போட்டோ எடுக்க. தம்பி படத்துல இருக்கற அதே பூவை நீ இங்க கிறுக்கி வச்சிருக்க. பெரிய ஓவியன் வீட்டுல பெண்டாட்டி புருஷனைப் பார்த்துக் காப்பியடிக்கறான்னு நாலு பேர் சிரிக்கறதுக்கா?"

வெங்காயம் கருகத் தொடங்கியது. பொர்பாலா சட்டியை இறக்கி வைத்துவிட்டு மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்த கல்மானைப் பார்த்தாள். இந்த உலகத்தில் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

கல்மான் கோப்பைக்குள் எதையோ தேடினான். "அக்கா சொல்றதும்... சரிதானே. ஒரு நாளைக்குத்தான?"

விஷயம் இதுதான். தாய்நாட்டில் கல்மான் பெரிய மனிதர்களின் முகங்களை வரைந்து பேர் வாங்கியவன். இங்கே வந்தபின் அவன் வரையும் முகங்கள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பால்காரப் பெண்ணைச் சமையலறையில் நிறுத்தி வரைந்தான். முகம் வந்தது, பின்னாலிருந்த சுவர் வரவில்லை. மூன்று நாள் திணறிவிட்டுத் தூரிகையைப் பொர்பாலாவிடம் கொடுத்தான். அவள் மதியச் சமையலுக்கு முன்னால் முடித்துக் கொடுத்தாள். படம் அந்த வாரமே விலைபோனது. விமர்சனம் எழுதியவர் முகத்துக்கு ஒரு வரியும் பூக்களுக்கு ஒரு பத்தியும் ஒதுக்கினார். அன்று இரவே உண்மையைச் சொல்லிவிடுவதாகக் கல்மான் சொன்னான். அடுத்த படம் வரட்டும் என்றான். அதற்கடுத்த படமும் வந்தது. இப்போது கலைக்கூடங்களில் 'கல்மானின் பூஞ்சுவர்கள்' என்றே பேர்.

பொர்பாலாவும் வாய் திறக்கவில்லை. நாட்டை இழந்தவன், பேரையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். அவள் ஊரில் சுவரில் யாரும் கையெழுத்துப் போடுவதும் இல்லை, அடுத்த ஈஸ்டருக்கு அழியப்போவதில் என்ன கையெழுத்து. ஆனால் தன் கையை, தன் சமையலறையில், காப்பி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது வேறு கணக்கு.

அன்று மத்தியானமே சுண்ணாம்பைக் கரைத்தாள். ரோஜாவின் மேல் முதல் பட்டையை இழுத்தாள். சுண்ணாம்பு அடிப்பது அவளுக்குப் புதிதல்ல. சுவர் முழுக்க வெளுக்கும்வரை அவள் யாரோடும் பேசவில்லை, பிறகு மூன்று நாளும் பேசவில்லை. எதெல்கா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை நெலிதா என்ற பத்திரிகைப் பெண் காமிராவோடு வந்தாள். கசகசா ரொட்டியை இரண்டு துண்டு தின்றாள், கல்மானின் சிறுவயதுக் கதையைக் குறித்துக்கொண்டாள். எதெல்கா தம்பி பிறந்த அன்று பெய்த பனியிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு நெலிதா எழுந்து சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, இப்படி ஒரு வெள்ளைச் சுவர் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேயில்லை, இதில் ஐயா ஒரு பூப் போடட்டும், போடப்போட எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

கல்மானின் முகமும் சுவரின் நிறத்துக்கு வந்தது.

எதெல்காவே வண்ணங்களை எடுத்துக் கொடுத்தாள். கல்மான் பென்சிலைத் தேடினான். அளவுகோலை வைத்து நடுக்கோடு ஒன்று போட்டான், அதன்மேல் ஒரு தண்டு வரைந்தான். பொர்பாலா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஊரில் ஏழு வயசுப் பெண்கூடத் தண்டில் ஆரம்பிக்கமாட்டாள். முதலில் பெரிய பூ, பென்சில் இல்லாமல், நேராகத் தூரிகையில். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். கல்மானின் தண்டு அரையடி உயரத்தில் நின்றது. மேலே என்ன செய்வதென்று அதற்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. நெலிதா காமிராவைத் தாழ்த்தினாள்.

தம்பிக்குக் களைப்பு, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று எதெல்கா சமாளித்தாள். கல்மான் மெல்லப் பின்னால் நகர்ந்து பொர்பாலாவின் காதருகே வந்தான்.

"அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள நீ ஒண்ணு போட்டு வச்சிடேன்..."

மூன்று நாளாகப் பூட்டியிருந்த வாய் திறந்தது. குரல் உயரவில்லை.

"மாட்டேங்க. பன்னெண்டு வருஷம் உங்களுக்காக ஒளிஞ்சு போட்டேன், ஒரு நாள்கூடக் கணக்குக் கேக்கல. நீங்க பேர் வாங்கினீங்க, எனக்கு அது போதும்னு இருந்தேன். ஆனா உங்க அக்கா நான் காப்பியடிக்கறேன்னு சொன்னப்ப நீங்க காபி குடிச்சீங்க பாருங்க... அந்தக் காபியை என்னால மறக்க முடியல. வேணும்னா இங்கயே, எல்லார் முன்னாடியும் கேளுங்க."

கல்மான் நின்றான். வாசலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். எதெல்கா, என்ன உளறுகிறாள் இவள் என்று ஆரம்பிக்கப்போனாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அந்த வீட்டில் அவன் அக்காவை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"உளறல அக்கா. பூவெல்லாம் இவ போட்டது. முதல் படத்துலேர்ந்து. மனுஷங்க மட்டும்தான் நான்." நெலிதாவின் பக்கம் திரும்பினான். "எழுதிக்கோங்கம்மா. காப்பின்னு ஒண்ணு இருந்தா, அது என் கையெழுத்துதான்."

சொல்லிவிட்டு ஐம்பத்தெட்டு வயசு மனிதன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். பொர்பாலா உடனே போய்த் தேற்றவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைக்க அவளிடம் முந்தானையும் இல்லை, ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அவன் தோளில் கை வைத்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

தூரிகையை எடுத்தாள். கோடும் தண்டும் இருந்த இடத்தை விட்டுத் தள்ளி, நின்ற வாக்கில் ரோஜாவைத் தொடங்கினாள். இதழ் இதழாக அது விரிய, காமிரா விடாமல் சொடுக்கியது. படத்துக்குக் கீழே என்ன பேர் போடுவது என்று நெலிதா கேட்டாள்.

"சென்டெஷி கல்மானின் மனைவி," என்றான் கல்மான் பழக்கத்தில். அவர்கள் வழக்கம் அப்படி, குடும்பப் பேர் முன்னால் வரும். கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் பேர்தான் முழுப் பேரும். ஓட்டுப் பட்டியலிலும், தேவாலயத்திலும், கல்லறையிலும்.

"அது உங்க பேரு," என்றாள் பொர்பாலா, திரும்பாமலே.

நெலிதா குறிப்பேட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் தாய்மொழியான மாஜார் எழுத்து அவளுக்கு வராது. எதெல்கா முன்னால் வந்து பேனாவை வாங்கினாள். எழுதக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காது சிவந்துபோயிருந்தது.

"உன் பொறந்த வீட்டுப் பேரு என்னம்மா? நான் கேட்டதே இல்லையே."

பொர்பாலா கடைசி இதழை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். எதெல்காவும் அவசரப்படுத்தவில்லை.

"திமார் பொர்பாலா. எழுதிக்குங்க அக்கா."

எதெல்கா எழுதினாள். எழுதியதைக் கண்ணருகே பிடித்து ஒருமுறை சத்தமாகப் படித்தும் காட்டினாள், சரியாக இருக்கிறதா என்று கேட்டு.