குருவியின் பங்கு

கூப்பிடாமலேயே குருவி வந்துவிட்டது. அமீசே முதலில் கவனித்தது அதைத்தான். தேனெடுக்கப் போகிறவன் நாக்கை உருட்டி "ப்ர்ர்ர்... ஹ்ம்" என்று குரல் கொடுத்தால்தான் செகோக் குருவி வரும், மரம் மரமாகத் தாவிக் கூட்டுக்கு வழிகாட்டும், கூடு வந்ததும் கத்தலை நிறுத்திக் காத்திருக்கும். தேன் மனிதனுக்கு, மெழுகு குருவிக்கு. லுஜெந்தா ஆற்றங்கரைக் காட்டில் எந்தக் காலத்திலும் அப்படித்தான். இன்று அவன் வாயைத் திறக்கவே இல்லை.

தேனுக்காகவும் அவன் வரவில்லை. மச்சினன் சுவாலே நேற்று விடியலில் தனியாகக் காட்டுக்குள் போனவன், திரும்பவில்லை.

"என் தம்பி இல்லாம வீட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லி, களிப்பானையை மூடி வைத்துவிட்டாள் அவன் மனைவி அத்திஜா. வெறும் வயிற்றோடு கிளம்பியவன், பசியடங்க ஒரு மெழுகுத் துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டே நடந்தான்.

முந்தாநாள் வெட்டிய கூட்டின் மெழுகு அது. பச்சை இலை பரப்பி, குருவிக்கென்று அடையை வைக்கப் போன அவன் கையைச் சுவாலே தட்டிவிட்டான்.

"வயிறு நெறஞ்சா அது வேலைக்கு வருமா மச்சான்? பட்டினி போடு, நாளைக்கு ஓடி வரும்."

"நம்ம அப்பன்மாரு இப்படிச் செஞ்சதில்ல மாப்ள."

"அதான் அவங்க ஒரு கூட்டோட வீட்டுக்குப் போனாங்க."

துண்டு விடாமல் வாளியில் அள்ளிப் போட்டவன், ஒரு வாய் மெழுகை மட்டும் குருவி பார்க்கப் பார்க்க மென்றான். "என்ன மொறைக்கிற? பல்லு இருந்தா வா, பங்கு தர்றேன்." அமீசேவும் சிரித்தான். அவனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

மாதக்கணக்கில் மழை காணாத காடு. இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே, யானைகள் பட்டை உரித்துப்போட்ட தூர்களைத் தாண்டி, எரிந்த புல்லின் கரி பாதத்தில் ஒட்ட, தீப்பெட்டியைக் குலுக்குவதுபோல் கத்திக்கொண்டு முன்னால் பறந்த குருவியின் பின்னே, வேறு வழி தெரியாமல் அவன் போய்க்கொண்டிருந்தான். சுவாலேயும் இதன் பின்னால்தானே போயிருப்பான்.

ஒவ்வொரு கிளையிலும் உட்கார்ந்து அது திரும்பிப் பார்த்தது. அவனை அல்ல. அவன் தோளுக்கு மேலே எதையோ.

அவனும் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் புல். ஆளுயரம். காற்று இல்லை.

ஆற்றுச் சரிவில் மான்கூட்டம் ஒன்று தலை தூக்கி நின்றது. அவன் கண்ணெதிரே கடந்தும் ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. எல்லாம் அவன் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தன.

நடையை விரைவாக்கினான். குருவியும் விரைந்தது.

முதலில் அணைந்த பந்தத்தின் புகைநாற்றம். பிறகு தேன். அதற்கடியில் இறைச்சிக்கடைத் தரையின் வாடை. ஒரு பருத்த மரத்தில் சுவாலேயின் கோடரி பாதி வெட்டில் நின்றது. பொந்தில் தேனீக்களின் இரைச்சல் இல்லை. ஈக்களின் இரைச்சல் இருந்தது, கீழே.

"மாப்ள."

மரத்தின் மறுபக்கம் போனான்.

சுவாலே மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாய் திறந்திருந்தது. பல்லிடுக்கில் மெழுகு.

குருவி இறங்கியது. சுவாலேயின் கீழுதட்டில் உட்கார்ந்தது. உள்ளே தலையை விட்டுக் கொத்தியது. நிதானமாக. ஒரு துணுக்கும் விடாமல்.

பிறகு மேல்கிளைக்குப் போனது. அமீசேயின் தோளுக்கு மேலே பார்த்துக் கத்தியது. ஒருமுறை. இன்னொருமுறை.

நிறுத்திவிட்டது.

காத்திருந்தது.

பின்னால் புல் விலகும் சத்தம். அமீசே வாயை இறுக மூடிக்கொண்டான். நாக்கடியில் மெழுகு இனித்தது.