உடனே வருகிறோம்

அந்தப் பக்கத்தை வேறு யாரோ திருத்திக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. கட்டிடத்தில் மற்ற அலுவலகங்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. மூன்றாவது மாடியில், தான் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில், அவள் மட்டும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து விடாத மழை. ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரின் நிழல் அவள் மேசை மேலும் கைகள் மேலும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடை வாசலின் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம், ஒரு பெரிய பாத்திரத்தில் யாரோ ஓயாமல் அரிசி கொட்டுவதைப்போல மேலேறி வந்தது.

அவள் வெப்சைட் கட்டித் தருபவள். மொத்தம் பதினோரு சைட்டுகள் அவள் பொறுப்பில் இருந்தன. எல்லாமே ஓப்பன் சோர்ஸ். எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்ட மென்பொருள். அதை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அப்டேட் பண்ண வேண்டும், பேக்கப் எடுக்க வேண்டும், உடைந்ததை ஒட்ட வேண்டும். "பெத்த ரெண்டுக்கே முழி பிதுங்குது, இதுல பதினோரு தத்துப்பிள்ளை வேற" என்பான் கணவன். ஆனாலும் மாதக் கடைசி ஞாயிறு அவளை விட்டுவிடுவான்.

பத்து சைட்டுகளும் முடிந்துவிட்டன. பதினோராவதைத் திறந்தபோதுதான் அந்தப் பூட்டுக் குறியைப் பார்த்தாள். 'இந்தப் பக்கத்தை இப்போது வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.' யார் என்று பெயர் காட்ட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அந்த சைட்டுக்கு இரண்டே பேர்தான் உள்ளே வர முடியும். ஒன்று அவள். இன்னொன்று டீச்சர். டீச்சருக்குப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தும், ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

டீச்சர் அவளுடைய மூத்த மகளுக்குப் பாடம் எடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் டீச்சரின் கணவர், ஞாபகம் தப்பிப்போயிருந்த மனிதர், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் திரும்பவில்லை. அப்போது அவளாகவே போய், "நான் ஒரு சைட் போட்டுத் தர்றேன் டீச்சர்" என்று சொன்னாள். ஒரே பக்கம். மேலே 'இவரைக் காணவில்லை'. நடுவில் சிரிக்கும் பெரியவரின் படம். கீழே, பார்த்தவர்கள் எழுத ஒரு படிவம். டீச்சர் தன் போன் நம்பரையும் போடச் சொன்னார். "வேணாம் டீச்சர், கண்டவனும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுவான். எழுதினா உங்க மெயிலுக்கு நேரா வந்துரும்" என்று அவள்தான் தடுத்தாள். அந்த வேலைக்காக ஒரு கூட்டத்தில் மேடையேற்றிப் பாராட்டினார்கள். அவளும் கூச்சப்பட்டுக்கொண்டே கைதட்டலை வாங்கிக்கொண்டாள்.

பூட்டைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். பக்கம் அப்படியேதான் இருந்தது. ஒரு சொல்லைத் தவிர. 'இவரைக் காணவில்லை' என்று இருந்த இடத்தில் 'இவரை' மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கர்சர் துடித்தது.

விடுபட்ட சொல்லை அடித்துச் சேமித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள்.

'இவரை.'

எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அது அவளுக்குத் தெரிந்த வகைத் தொல்லை. பாஸ்வேர்டுகளை மாற்றினாள். எந்த வழியாக வந்தான் என்று, சைட்டில் சேர்த்திருந்த சின்னச் சின்ன நிரல்களை, ஒவ்வொரு பிளகினாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தவள், சைட்டை வெளியிட்ட பிறகு திறந்தே பார்க்காத படிவத்தின் பிளகினில் நின்றாள். அதன் ஓரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண்.

பதினேழு.

யாரும் எழுதியதே இல்லையே. வாரா வாரம் டீச்சர் போனில் கேட்பார், "யாராச்சும் எழுதினாங்களாம்மா?" வாரா வாரம் அவளும் சொல்வாள், "வந்தா உங்களுக்குத்தானே டீச்சர் முதல்ல வரும்."

செட்டிங்கைத் திறந்தாள். 'செய்திகள் போக வேண்டிய முகவரி' என்ற இடத்தில் டீச்சரின் முகவரி இல்லை. கட்டும்போது சோதித்துப் பார்க்க அவள் போட்ட பொய் முகவரி இருந்தது. அப்படி ஒரு பெட்டியே உலகத்தில் கிடையாது. சைட்டை வெளியிட்ட அன்று சரிபார்க்க வேண்டிய பட்டியலில் 'படிவம்' என்பதற்கு நேராக, பார்க்காமலே டிக் போட்டிருந்தாள். அந்த டிக் போட்ட நொடி இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டு எழுந்தாள்.

காது மடல்கள் சூடாயின. அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பதினேழையும் எழுதியது ஒரே ஆள். மூடிக்கிடக்கும் ஒரு பழைய மார்க்கெட்டின் நிலத்தடித் தளத்தில் திருட்டுத்தனமாகத் தங்கியிருந்த கூலித் தொழிலாளி. முதல் செய்தி, சைட் வெளியான நான்காம் நாள்.

'ஐயா எங்ககிட்ட இருக்கார். சாப்பிட்டார். டீச்சர் எங்கேன்னு கேக்குறார். போலீசுக்கு நான் போக முடியாது, நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க.'

வீட்டில் பெரியவரும் மனைவியை 'டீச்சர்' என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார் என்று டீச்சர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

'நீங்க சொன்ன மாதிரி இங்கேயே இருக்கச் சொல்லிட்டேன். எப்ப வருவீங்க?'

நான் எங்கே சொன்னேன்? அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுதுகிற ஒவ்வொருவருக்கும் தானாகப் போகும் ஒரு பதில் உண்டு. அதை வார்த்தை வார்த்தையாகப் பார்த்து எழுதியவள் அவள்தான். 'உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க நன்றி. உடனே வருகிறோம். தயவுசெய்து அவரை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.'

பதினேழு தடவை போயிருந்தது.

'இன்னைக்கும் வரலையே. வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கார்.'

'காய்ச்சல் அடிக்குது.'

'மழை விட மாட்டேங்குது. கீழ தண்ணி வருது.'

பதினேழாவது, சைட் வெளியான மூன்றாம் வாரம்: 'முட்டி வரைக்கும் வந்துருச்சு, நான் போறேன். கையப் புடிச்சு இழுத்தும் வர மாட்டேங்கிறார். டீச்சர் இங்கதான் வருவா, நான் நகர்ந்தா தேடுவாங்கிறார். உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?'

மேசையில் போன் அதிர்ந்தது. டீச்சர்.

எடுக்காமல் இருந்திருக்கலாம். கை எடுத்துவிட்டது.

"சாப்டியாம்மா? ஞாயித்துக்கிழமைகூட வேலையா? சும்மாத்தான் கூப்ட்டேன்." கொஞ்சம் தயக்கம். எப்போதும் வரும் தயக்கம். "யாராச்சும் எழுதினாங்களாம்மா?"

சொல்லிவிடு. வாயைத் திற. சொல்லிவிடு.

"இல்லைங்க டீச்சர்."

"சரிம்மா. நீ என்ன பண்ணுவ பாவம். உன்ன மாதிரி ஒருத்தி இருக்கறதே எனக்குப் பெரிய தெம்பு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அவள் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாகச் சொன்னது தெரியாமல் சொன்னது. இன்று சொன்னது அப்படி இல்லை. தன் மகள்கள் இதைத் தெரிந்துகொள்வதை நினைத்தாள். அந்த மேடையை நினைத்தாள். பிறகு பதினேழு செய்திகளையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்தாள். 'நிரந்தரமாக நீக்கவா? மீட்க முடியாது' என்று கேட்டது. ஆம் என்றாள். முகவரி இருந்த இடத்தில் டீச்சரின் முகவரியை, எழுத்து எழுத்தாகப் பார்த்து, சரியாகப் போட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அரை நிமிடம் பிடித்திருக்கும் வேலை. இன்றும் அரை நிமிடம்தான் பிடித்தது.

மழை சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் கம்ப்யூட்டரின் காற்றாடி இரைவது மட்டும் கேட்டது. வெளியே பகல் மங்கிச் சாம்பலாகியிருந்தது. எங்கிருந்தோ ஒரு வாடை. பல நாள் தேங்கிய தண்ணீரும் ஊறிய சிமெண்டும் காயாத துணியும் கலந்த வாடை. தரைக்கு அடியிலிருந்து வர வேண்டிய வாடை மூன்றாவது மாடியில் வந்தது. எழுந்துபோய்க் கதவைப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. கதவுக்கு முதுகு காட்டி மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"அம்மாடி! வந்திருக்கும்மா! மெயில் வந்திருக்கு!" டீச்சரின் குரல் நடுங்கியது. ஸ்பீக்கரில் போடாமலே அறையெல்லாம் கேட்டது. "ரெண்டு வருஷத்துல மொத மொதல்ல. படிக்கறேன் கேளு. 'ஐயாவைப் பாத்தேன். சிக்னல் பக்கத்துல நடந்து வர்றார். மேலெல்லாம் நனைஞ்சிருக்கு.' பேரு போடலை."

படிவத்தின் ஓரத்தில் சிவப்பு வட்டம் வந்திருந்தது. ஒன்று.

"இரும்மா, இன்னொண்ணு வருது. 'ஒரு மூணு மாடிக் கட்டிடத்துக்குள்ள போறார். கீழ கண்ணாடிக் கடை.'" டீச்சர் நிறுத்தினார். "ஏம்மா, உன் ஆபீஸுக்குக் கீழகூட கண்ணாடிக் கடைதானே?"

"டீச்சர், அது யாரோ விளையாடறாங்க..."

"விளையாடறதா? 'நடக்கும்போது இடது காலை இழுக்கறார்'னு போட்டிருக்கு. அதை நம்ம எங்கயும் எழுதலையேம்மா."

படிக்கட்டில் சத்தம்.

ஓர் அடி. பிறகு ஈரத்துணியை இழுப்பதுபோல ஒன்று. ஓர் அடி. இழுப்பு.

மூன்று, நான்கு என்று வட்டத்தில் எண் ஏறியது. ஒவ்வொன்றாக டீச்சர் படித்தார். பரீட்சை முடிவு வாசிப்பதுபோல, குரலில் அடக்க முடியாத சந்தோஷம். முதல் மாடி. இரண்டாம் மாடி. நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். மறுபடி ஏறுகிறார்.

சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

பூட்டு திறக்கவில்லை. கதவு அசையவில்லை. ஆனால் வாடை இப்போது பக்கத்தில் இருந்தது. பின்கழுத்தில் குளிர்.

சொட்.

தரையில். அவளுக்குப் பின்னால்.

சொட்.

"கடைசியா ஒண்ணு வந்திருக்கும்மா." டீச்சரின் குரல் தணிந்தது. "'ஐயா உள்ள வந்துட்டார். ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கா. அவ பின்னாடியேதான் நிக்கறார். அவ திரும்பிப் பாக்க மாட்டேங்கிறா.'"

போனுக்குள் டீச்சரின் மூச்சு. பின்னால் இன்னொரு மூச்சு. நீர் கலந்தது.

"அது நீதானேம்மா?"

இப்போதாவது சொல்லலாம். அவர் வர மாட்டார் டீச்சர். அவர் காத்திருந்தார். நான்தான் காத்திருக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் இப்போதுதான் அழித்தேன். இந்த நிலையிலும் பயத்தைவிட வெட்கமே பெரிதாக இருந்தது.

"அவர் அங்க இருக்காராம்மா?"

"...இருக்கார் டீச்சர்."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். "போனை அவர்கிட்ட குடும்மா. ஒரே ஒரு வார்த்தை. நான் கிளம்பி வந்துடறேன். அதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை."

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, போனைத் தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை.

பிறகு, குளிர்ந்து ஊறிச் சுருங்கிய விரல்கள் அவள் விரல்கள் மேல் பட்டன. மெதுவாக. மரியாதையாக. போனை வாங்கிக்கொண்டன.

பக்கத்தில் இருந்த நாற்காலி தரையில் இழுபட்டது. கனமாக, நிதானமாக யாரோ அதில் உட்கார்ந்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. தரையில் பரவி வந்த தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. பிறகு கணுக்காலை.