வாளிக்குள் போன மூச்சு

சொட்டு விழுந்தது, சத்தமும் கேட்டது, ஆனால் குமிழி மேலே வரவில்லை.

குணேஸ்வரி குனிந்து பார்த்தாள். ஜெர்மனியின் ஹம் நகரத்து அகதி விடுதியில் இரவு பகலாகத் தண்ணீர் வரும்தான், என்றாலும் யாழ்ப்பாணத்தில் பழகின கை சும்மா இருக்குமா? பைப்புக்குக் கீழே வாளியை வைத்து விளிம்புமட்டும் நிரப்பிவிட்டால்தான் அவளுக்கு மனம் ஆறும். அந்தப் பழைய பைப்போ எவ்வளவு இறுக்கினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். நாலரை மணிக்கே இருட்டிப்போகும் நவம்பர் மாதம், சுவரெல்லாம் ஈரப்பூஞ்சண மணம், அதற்குள்ளே அந்த 'டுப்', 'டுப்'.

புருஷன் அரியரத்தினம் கனடாவுக்கென்று கள்ளக் கப்பலின் அடித்தட்டில் ஏறிப் பதினொரு நாள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட மனுஷனுக்கு வேறு வழி என்ன இருந்தது? கடலில் புயல் என்றார்கள். ஏற்றிவிட்ட ஏஜென்ட் ரெலிபோனை எடுக்கிறானில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு உலகத்தில் எதுவும் தெரியத் தேவையில்லை.

சத்தத்தின் சங்கதியைச் சொன்னது வாசுதேவன். தமிழ்நாட்டுப் பொடியன், யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி, சனிக்கிழமைகளில் விடுதிக்கு வந்து எல்லாருக்கும் கடிதம் எழுதிக்கொடுப்பான்.

"சொட்டு விழுற சத்தம் தண்ணியோடது இல்லைங்க. விழுந்த எடத்துல குழி விழும். அது மூடும்போது கொஞ்சம் காத்து உள்ள மாட்டிக்கும். அந்த பபிள்தான் சத்தம் போடுது. ஹைட் கொஞ்சம் மாறினாக்கூட பபிள் மாட்டாது."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் வாளியை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். கடுகளவு குமிழி. மேலே வரவேண்டியது கீழே போனது. அடிமட்டும் போய், யாரோ வாய்க்குள் எடுத்ததைப்போலக் காணாமல் போனது. அடுத்த சொட்டு. அதுவும் அப்படியே. காது வைத்துக் கேட்டால் அடியில் ஒரு இழுப்பு, ஒரு தேக்கம், பிறகு மெல்லிய விசில். பக்கத்தில் படுத்து ஒன்பது வருஷம் கேட்ட மூச்சு அவளுக்குத் தெரியாதா?

மண்டை பிசகிப் போச்சோ என்று தன்னைத்தானே ஏசினாள். ஏசிக்கொண்டே அங்கேயே இருந்தாள். தண்ணிக்குள் கிடக்கிற மனுஷனுக்கு இந்தப் பைப்தான் மூச்சு விடுகிறதென்று அவள் மனம் முடிவு கட்டிவிட்டது.

வியாழக்கிழமை விடுதிப் பராமரிப்பாளர் வந்து பைப் சொட்டாமலிருக்க வாசர் மாற்றினார். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள், அழுதாள். வேண்டாம் என்பதற்குத் தெரிந்த ஜெர்மன் சொல்லில் "நைன், நைன்" என்று கும்பிட்டும் பார்த்தாள். பாவம், தண்ணீர் காசுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சொட்டு நின்றது.

வாளித் தண்ணீர் நடுங்கியது.

கதவைப் பூட்டிக்கொண்டு கரண்டியால் ஒரு சொட்டு விட்டாள். சத்தமில்லை. உயர்த்தினாள். சிதறியது, சத்தமில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள். சொன்னவர்கள் வந்து பார்க்கட்டும். ஒரு சாணும் நாலு விரலும். 'டுப்.' அந்த உயரத்தில் மட்டும் குமிழி கீழே போனது. விரல் அசைந்தால் தவறியது.

ஒரு மணி நேரம். இரண்டு. தோள் எரிந்தது, உயரம் தவறியது. சொட்டுகள் ஊமையாக விழுந்தன. அடியில் இழுப்பு வேகமாகியது. மூச்சு முட்டுகிற இழுப்பு.

"இருங்கோ. கொஞ்சம் இருங்கோப்பா. தாறன்."

கரண்டி கை நழுவியது.

இனி ஏலாது. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயைத் தண்ணீருக்குள் வைத்து ஊதினாள். முழு மூச்சும் போனது.

ஒரு குமிழியும் மேலே வரவில்லை.

தலையை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். மறுபடி ஊதினாள். அவிழ்ந்த பின்னல் தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது.

கதவில் தட்டு. அடுத்த அறை மரியமலர். குரலில் சிரிப்பு.

"அக்கா, கெதியா வாங்கோ. அண்ணை ரெலிபோனிலை நிக்கிறார். நேற்றே கரை இறங்கிட்டினமாம். சுகமா இருக்கிறாராம்."

மூக்கு தண்ணீரைத் தொட்டபடியே குணேஸ்வரி அசையாமல் நின்றாள்.

அடியில் அந்த இழுப்பு. தேக்கம். விசில்.

நிமிரப் பார்த்தாள். முடியவில்லை. வாளிக்குள்ளே அவளுடைய பின்னலை ஐந்து விரல்கள் சுற்றிப் பிடித்திருந்தன. அவை அடுத்த மூச்சுக்காக மெதுவாகக் கீழே இழுத்தன.