டம்ளரில் ஊதிய ரப்பர் ரிங்

மாலை நான்கு மணி. மெக்கானிக் பட்டறையின் பின்பக்கத்தில், பாகங்களைக் கழுவும் அறையின் வெளித்தாழ்ப்பாளை நீக்கினாள் தங்கை. உள்ளே அண்ணன் மல்லாந்து கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. உடம்பில் உயிர் இல்லை.

காவல் நிலையம் எதிர்சாரியில்தான். 4.10க்கு இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. தான் பேசுவதைவிட அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்பதில் ஆசை அதிகம். வந்ததும் செய்த முதல் காரியம், ஷட்டரை இறக்கச் சொன்னது. ஏட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. கெமிக்கல் நெடி கண்ணைக் கரித்தது. மூடி திறந்த தொட்டிக்குள் ஒரு பழைய கார்புரேட்டர், பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே போர்த்திக்கொண்டு கிடந்தது. கெமிக்கல் தெளிவாக இருந்ததால் தொட்டியின் அடி வரைக்கும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"நான்தான் மேடம் கொன்னுட்டேன்," என்றாள் தங்கை.

"எப்படி?"

"ஒரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது தாழ்ப்பாள் போட்டேன். நெடி வெளிய வரும்னு தினமும் போடுறதுதான். ஆனா, 'அண்ணா, உள்ள இருக்கியா'ன்னு ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் போடுவேன். இன்னிக்குக் கொடுக்கலை."

"ஏன்?"

"கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டையில கம்பியை விட்டுக் குத்தினேன்னு காலைல திட்டினான். இனிமே அவன்கிட்ட பேசுறதில்லைன்னு வைராக்கியம். வீட்டுக்குப் போயும் வீம்புக்கு நாலு மணி வரைக்கும் படுத்துக் கிடந்தேன்."

அண்ணன் தங்கை சண்டைக்கு ஆயுசு ஒரு வேளைச் சாப்பாடுதான். அந்த ஒரு வேளைக்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இருட்டறைக்குள் அவன் கதவைத் தட்டியிருப்பான், தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான் என்ற நினைப்பு அவளை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. செத்தவனுக்காக அழக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. கொன்றவள் எந்த முகத்தோடு அழுவாள்?

அடுத்தது டிங்கர். பட்டறையில் பாதிப் பங்கு அவனுடையது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதிலும் வெல்டிங்கிலும் மன்னன். இன்ஜின் இருக்கும் திசையில் தலை வைத்தும் படுக்கமாட்டான்.

"ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி மேடம். கார்புரேட்டரைத் தொட்டியில போடப் போறேன்னு உள்ள போனான். என் கண்ணால பார்த்தேன். அப்புறம் நான் பெயின்ட் வாங்கக் கிளம்பிட்டேன். இந்தப் பொண்ணு அலறினப்பதான் திரும்பி வந்தேன்."

"மண்டையில காயம்?"

"நெடியில மயங்கி விழுந்திருப்பான். தொட்டி விளிம்பு பட்டிருக்கும். பாவம், இந்தப் பொண்ணும் தெரியாமத்தானே தாழ்ப்பாள் போட்டுச்சு."

"கார்புரேட்டர் வேலை அவருக்கு நல்லா வருமா?"

"அவனைவிட யாருக்கு மேடம் வரும்? கண்ணை மூடிக்கிட்டே கழட்டி மாட்டுவான்."

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக் கார்புரேட்டரை வெளியே எடுத்தார். தங்கைக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்துத் திறக்கச் சொன்னார். அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர் தடுமாறவில்லை. உள்ளே நிறைந்திருந்த கெமிக்கல் கொட்டியது. ரப்பர் ரிங் அதன் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இதை எப்பக் கழட்டணும்?"

"தொட்டியில போடுறதுக்கு முன்னாடியே மேடம். முதல்ல மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால தேய்க்கணும். ரப்பரெல்லாம் கழட்டணும். அப்புறம்தான் கெமிக்கல். ரப்பர் உள்ள போனா ஊதிரும்."

"அவசரத்துல மறந்திருப்பான்," என்றான் டிங்கர்.

"இருக்கலாம். மறதி யாரை விட்டுச்சு?"

பெஞ்சின் மேல் பிரிக்காத ரிப்பேர் கிட் ஒன்று கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பிரித்து, அதே அளவில் ஒரு புது ரிங்கை எடுத்தார். கண்ணாடி டம்ளரில் தொட்டிக் கெமிக்கலை மொண்டு, ரிங்கை அதில் போட்டார். மணி 4.35.

"ஒரு மணி நேரம் எல்லாரும் இப்படியே உட்காருவோம்."

ஷட்டர் போட்ட பட்டறையில் புழுங்கித் தள்ளியது. டிங்கர் எழுந்தான். "தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

"ஏட்டு கொண்டு வருவார்."

தண்ணீர் வந்தது. அவன் குடிக்கவில்லை. டம்ளரைப் பார்க்காமல் இருக்க முயன்று, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

5.35. இன்ஸ்பெக்டர் ரிங்கை இடுக்கியால் எடுத்துக் கார்புரேட்டரின் பள்ளத்தில் வைத்தார். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. எப்படி வைத்தாலும் உட்கார மறுத்தது.

"ஒரு மணி நேரத்துக்கே இந்தக் கதி. நீங்க சொல்ற கணக்குப்படி அந்த ரிங் மூணு மணி நேரம் ஊறியிருக்கணும். ஊதவே இல்லை. அவ்வளவு பிசுக்கு இருந்தும் கெமிக்கல் கறுக்கலை. அதைத் தொட்டியில போட்டது இவ கதவைத் திறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அப்ப அவர் செத்து நேரமாச்சு."

"வேற யாராவது போட்டிருக்கலாமே மேடம்."

"போட்டிருக்கலாம். ஆனா அவர் அதோட உள்ள போனதைப் பார்த்தேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். எல்லாரும் தாழ்ப்பாளையே பார்த்தாங்க. அழுக்கை யாரும் பார்க்கலை. கார்புரேட்டர் தெரிஞ்சவன் ரப்பரோட போடமாட்டான். தகரம் தட்டுறவன் போடுவான்."

நுணலும் தன் வாயால் கெடும். டிங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நான் ஒரு வண்டிக்கு வச்ச வெல்டிங் போன மாசம் ரோட்டுல விட்டுப்போய் ஒருத்தன் செத்தான். ஓட்டினவன் மேல கேஸ். உண்மையைச் சொல்லப் போறேன்னு இவன் ஒத்தைக் கால்ல நின்னான். சண்டையில தள்ளினேன். பெஞ்சுல இருக்கிற இரும்பு வைஸ்ல மண்டை மோதிருச்சு. தூக்கி உள்ள போட்டு, தாழ்ப்பாளைப் பழையபடி போட்டேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யோசனை வந்து கார்புரேட்டரைத் தொட்டியில போட்டு, பழியை நெடி மேல போட்டுடலாம்னு பார்த்தேன்."

"தள்ளினது எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை இருக்கும். ரிப்பேர் கிட் வாங்கப் போயிருந்தான். அப்பத்தான் திரும்பி வந்தான்."

ஏட்டு ஷட்டரைத் தூக்கினார். டிங்கரை வெளியே கூட்டிப் போனார்கள். தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்போ ஒரு மணிக்கு..."

"நீ தாழ்ப்பாள் போட்டது காலி அறைம்மா."

"நான் குரல் கொடுத்திருந்தா?"

"பதில் சொல்ல உள்ள ஆளே இல்லை."

அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணா," என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.