இரண்டாவது வரி

தபால் பெட்டியில் இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் பதிவு அலுவலகத்திலிருந்து வந்தவை. ஒன்று அவனுக்கு. மற்றது அவன் அப்பாவுக்கு.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோதும் அவர் இந்த நாட்டில் கால் வைத்ததில்லை.

மாடிப்படியில் நின்றபடியே அப்பாவின் கடிதத்தைப் பிரித்தான். மேற்கண்ட முகவரியில் வசிப்பவராகத் தாங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள். நல்வரவு. கீழே முத்திரை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எப்படி நடந்தது என்று புரிந்ததும் நின்றுவிட்டது. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தான். வீட்டில் இப்போது வசிப்பவர்களின் பெயரை, ஒரு வரிக்கு ஒருவராக, எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் வரியில் தன் பெயரை எழுதினான். இரண்டாவது வரியில் அப்பா பெயரை எழுதினான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தத் தாளிலும் தன் பெயருக்குக் கீழே தகப்பனார் பெயரை எழுதிப் பழகிய கை. பதினோரு வருடம் இங்கே இருந்தும் அது திருந்தவில்லை.

இதே தவறைச் செய்பவர்களைத்தான் அவன் பதினோரு வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தான். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம் கேட்டுத்தான் படிவம் நிரப்புவார்கள். அன்றும் ஒருவர் கூப்பிட்டார். அவனைவிட மூத்தவர்.

"சார், குடும்பப் பேருன்னு கேக்குறான். நம்மகிட்ட அப்படி எதுவும் இல்லையே. அப்பா பேரைப் போட்டுடவா?"

"போடுங்க. தாத்தா பேரையும் போடுங்க. குலதெய்வத்தையும் விட்டுடாதீங்க."

"கோவிச்சுக்காதீங்க சார்."

"ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியாம எதுக்குங்க பிளேன் ஏறி வர்றீங்க?"

போனை வைத்தான். அப்பாவின் கடிதம் மேசைமேல் கிடந்தது.

விளையாட்டுக் காரியமில்லை. இரண்டு அறை வீடு. மூன்று பேருக்குத்தான் அனுமதி. நான்காவதாக ஒரு பெயர் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி போட இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். மகளுக்கு ஐந்து வயது. அப்பா என்றால் அவளுக்கு ஒரு போன்.

மறுநாள் அப்பா பெயரை நீக்கச் சொல்லப் பதிவு அலுவலகத்துக்குப் போனான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்தார்.

"இவர் வெளியேறிவிட்டாரா?"

"வரவேயில்லை. இறந்துவிட்டார்."

"இறப்புச் சான்றிதழ்?"

"எங்கள் மொழியில் இருக்கிறது."

"அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். ஆறு வாரம் ஆகும்."

"வியாழக்கிழமையே வீட்டை அளக்க வருவதாக எனக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்."

"அப்படியானால் வருகிறவரிடம் காட்டுங்கள்."

"எதைக் காட்டுவது?"

"அவர் இல்லை என்பதை." அவர் படிவத்தைத் திருப்பி வைத்தார். "உங்களோடு வசிக்கிறார் என்று எழுதியது நீங்கள். கையெழுத்தும் உங்களுடையதுதான்."

முட்டாள், என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தான்.

அப்பா ஒரு லாரி ஆபீசில் சீட்டு எழுதியவர். முப்பது வருடம் அதே ஸ்டூல். என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போடா என்று ஒவ்வொரு போனிலும் கேட்பார். அது லேசுப்பட்ட காரியமில்ல, நிறைய ஃபாரம் இருக்கு என்பான். படிவம் நான்கே பக்கம்தான். நண்பர்கள் வந்து போகும் இடத்தில் அந்த வேட்டியையும் தொண்டைச் செருமலையும் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாவுக்கும் போகவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். "நான் வந்தா மட்டும் எந்திரிச்சு உக்காரப் போறாரா?" என்று தங்கையிடம் கேட்டான். அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை.

புதன்கிழமை காலை குளியலறைக் குழாயைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையாலும் திருகியபோது கிறீச்சிட்டுத் திறந்தது. எலும்பு உரசுவதுபோல ஒரு சத்தம். சொட்டக்கூடாது என்று அப்பா அப்படித்தான் மூடுவார், வேறு யாராலும் திறக்க முடியாதபடி. பிளாஸ்டிக் குவளை தரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவன் கவிழ்த்து வைப்பவன் அல்ல. வேலைக்கு நேரமாகிவிட்டது. இரவு திரும்பியபோது, நாள் முழுக்க மூடிக்கிடந்த வீட்டில், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க்குழாய்களின் வாடைக்கு அடியில், காயாத துண்டின் வாடையும் வலிக்களிம்பின் வாடையும், ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரின் வாடையும் இருந்தன. ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிரில் தூங்கினான்.

காலையில் ஜன்னல் சாத்தியிருந்தது.

வியாழக்கிழமை வந்த அதிகாரி ஒரு பெண். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கையடக்கக் கருவியால் சுவருக்குச் சுவர் அளந்தாள். கூடத்தை முடித்தாள். சமையலறையை முடித்தாள். உள்ளறைக் கதவைப் பாதி திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஓசையில்லாமல் சாத்தினாள்.

"பரவாயில்லை," என்று கிசுகிசுத்தாள். "வெளியிலிருந்தே அளந்துகொண்டேன். எழுப்ப வேண்டாம்."

"யாரை?"

அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். தாளில் எழுதினாள். தற்போது வசிப்பவர்கள்: இருவர். நுனிக்காலில் நடந்து வெளியே போனாள்.

அவன் உள்ளறையைத் திறந்தான். யாரும் இல்லை. கட்டில். போர்வை. அவன் மடித்து வைத்திருந்த போர்வை. அது விரிந்திருந்தது. தொட்டான். சூடு.

நாலரைக்கே இருட்டிவிட்டது. எல்லா விளக்கையும் போட்டான். கூடத்து மேசையில் உட்கார்ந்து மனைவியை வீடியோவில் அழைத்தான். உள்ளறைக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்னங்க, அளந்துட்டாங்களா? பாப்பா இப்பதான் தூங்குனா. இன்னைக்கே பெட்டி கட்டணுமாம் அவளுக்கு."

"அளந்தா. கண்ணு தெரியாத கழுதை. இல்லாத ஆளை எண்ணிட்டுப் போயிருக்கா."

"இல்லாத ஆளா?"

"உன் மாமனார்தான். செத்தும் என் உயிரை வாங்குறாரு." படிவத்தைப் பற்றிச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான்.

"அப்படிப் பேசாதீங்க. கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு எத்தனை வாட்டி கேட்டாரு."

"வந்து என்ன கிழிச்சிருப்பாரு? குழாயை இறுக்கி மூடிட்டுக் குந்தியிருப்பாரு."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது.

பின்னால் கதவின் கீல் முனகியது. களிம்பு வாடை.

மனைவி எழுந்து நின்றாள்.

மாமனார் கூடத்துக்கு வந்தால் எழுந்துகொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இப்போதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது. முகம் வெளுத்திருந்தது. கை துழாவி, கொடியிலிருந்த துண்டை எடுத்து நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டது.

"என்ன?" என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் திரையில் மெதுவாக நகர்ந்தன. இடமிருந்து வலமாக. நடக்கிற ஒருவரோடு நகர்வதுபோல. அவன் தலைக்கு மேலே வந்து நின்றன.

"சாப்பிட்டேன் மாமா," என்றாள்.

அவனுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.

"தூங்கிட்டா மாமா."

குளிர். பிடரியில் மட்டும்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. குரல் மட்டும் மரியாதை குறையாமல் இருந்தது.

"சரி மாமா. இடமில்லைன்னா பரவாயில்ல. நாங்க வரல."

"யார்கிட்ட பேசுற?" என்றான்.

"வெச்சிடவா மாமா?"

அவனிடம் கேட்கவில்லை. அனுமதி கிடைத்திருக்க வேண்டும். திரை அணைந்தது.

அவன் திரும்பவில்லை.

கூடத்து விளக்கு அணைந்தது. சமையலறை விளக்கு. குளியலறை விளக்கு. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். மேசை விளக்கு மட்டும் மீதி.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. நகங்கள் இரண்டு வருட நீளம் வளர்ந்து, உள்ளே வளைந்திருந்தன. அது மேசைமேல் தட்டித் தட்டி, பொறுமையாக, விளக்கின் பொத்தானைத் தேடியது.