சத்தம் சுத்தமாகக் கேட்ட மூலை

அரியலூர் டவுனிலிருந்து தர்மராஜ் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வண்டியின் முன்னால் ஒயர் சுருள்கள், தோளில் ஒரு பை. செந்துறை சாலையில் இருந்த அந்த வீட்டு வாசலில் செல்லதுரை காலையிலிருந்தே அவனுக்காகக் காத்திருந்தார். குவைத்தே வேண்டாம் என்று போன வருஷம் ஊரோடு வந்துவிட்டவர். வரும்போது கொண்டுவந்த ஹோம் தியேட்டரை, அதற்கென்றே வீட்டின் பின்பக்கம் கட்டிய புது ரூமில் அவரே மாட்டிப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தார். அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"மத்த ஸ்பீக்கரெல்லாம் நல்லாத்தான் பாடுது தம்பி. இந்தப் பெரிய பொட்டிதான் மக்கர் பண்ணுது. எங்க வெச்சாலும் தகர டப்பா மாதிரி அதிருது."

தர்மராஜ் சிரித்தபடி சப்வூஃபர் என்ற அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கி சோபாவின் மேல் வைத்தான்.

"நாம உக்கார்ற எடத்துல இத வெச்சிரணும்ண்ணே. அப்பறம் நாம தரையில தவழ்ந்துக்கிட்டே போவணும். எங்க சத்தம் சுத்தமா கேக்குதோ, அதான் பொட்டிக்கு எடம்."

பாட்டைப் போட்டுவிட்டு முட்டி போட்டுத் தவழ ஆரம்பித்தான். கதவோரம் நின்றிருந்த லீலாவதி, செல்லதுரையின் மனைவி, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மீசை வைத்த ஆள் குழந்தை மாதிரி தவழ்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

மேற்குச் சுவர் மூலைக்கு வந்ததும் அவன் நின்றான். தரையோடு காதை வைத்தான்.

"இங்கதாண்ணே. நெஞ்சுக்குள்ளயே வந்து அடிக்குது."

அப்போது கரண்ட் போனது.

ஃபேன் மெல்லச் சுற்றி ஓய்ந்தது. படம் பார்க்க வசதியாக ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்ததால் பட்டப்பகலிலும் ரூமுக்குள் இருட்டு அப்பிக்கொண்டது. எங்கிருந்தோ ஈரமண் வாசனை வந்தது. புது டைல்ஸ் போட்ட ரூமில் அந்த வாசனைக்கு வேலையே இல்லை.

தர்மராஜ் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, பாட்டு நின்னுடுச்சில்ல?"

"கரண்டே இல்ல. பாட்டு எங்கேருந்து வரும்?"

"எனக்கு இன்னும் கேக்குது."

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேட்டு வைத்திருப்பார்கள் என்றார் செல்லதுரை. அந்தப் பக்கத்தில் எது அதிர்ந்தாலும் பழியைச் சுரங்கத்தின் மேல் போட்டுவிடலாம். ஆனால் வேட்டு ஒரு தரம் அதிர்ந்து அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

வேறு மூலை பார்க்கலாம் என்று தர்மராஜ் கெஞ்சாத குறையாகச் சொன்னான். செல்லதுரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரண்ட் வந்ததும் பெட்டி அந்த மூலையிலேயே உட்கார்ந்தது.

கிளம்பும்போது, கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு லீலாவதியிடம் கிசுகிசுத்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் வூட்டுக்காரி முழுகாம இருந்தப்ப, ஆஸ்பத்திரியில மிஷின் வெச்சு புள்ளையோட நெஞ்சுத்துடிப்ப கேக்க வெச்சாங்க. படபடன்னு ஓடும். தரைக்கடியில கேட்டது அதே சத்தந்தான்."

லீலாவதி அந்த ரூமைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ரூம் இருக்கும் இடம் முன்பு கொல்லை. அவளுடைய முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அப்படிப் பிறந்த பிள்ளையை அந்த ஊரில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை; கொல்லையிலேயே புதைத்துவிடுவார்கள். அடையாளமும் வைப்பதில்லை. பெற்றவள் அந்த இடத்தைத் தேடிப் போகக் கூடாதாம். குழி வெட்டிய மாமனார் அய்யம்பெருமாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். "அது வேப்பமரத்துக்கிட்ட. ரூமு அவ்ளோ தூரம் வராது" என்று குவைத்திலிருந்து போனிலேயே சொல்லி ரூமைக் கட்டவைத்தார் செல்லதுரை. அவர் அந்தக் குழியைப் பார்த்ததே கிடையாது.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொட்டிய எடுத்துருங்க. நம்ம புள்ள அங்கதான் கெடக்குதுன்னு நெனைக்கிறேன்."

செல்லதுரை ரிமோட்டை எடுத்தார். சவுண்டைக் கூட்டினார். அவருக்கும் பயம்தான்.

மறுநாள் உச்சிவேளையில் அவர் வெளியே போயிருந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த நேரத்தில் தனியாக இருக்கக் கூடாது என்பார்கள். லீலாவதி அந்த ரூமுக்குள் போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை நகர்த்தினாள். வயிறு இடிக்காமல் மெல்லக் குனிந்து டைல்ஸில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

பிறகு கேட்டது. படபடவென்று.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றித் தூக்கிப் போன பிள்ளையாயிற்றே, பெற்றவளுக்கு எப்படி மனம் வரும்? அழுதுகொண்டே தரையைத் தடவினாள்.

"சாமி... அம்மா இங்கதான் இருக்கேன். வா."

துடிப்பு நின்றது.

ஈரமண் வாசனை மூக்கை அடைத்தது. கன்னம் பட்ட இடம் சில்லிட்டது. அந்தக் குளிர் கழுத்து வழியாக மார்புக்கு இறங்கி, அடிவயிற்றில் போய் நின்றது. உள்ளே இருந்த பிள்ளை ஒரு தரம் துள்ளியது. அப்புறம் யாருக்கோ இடம் விடுவதுபோல ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டுகொண்டது.

அதற்குப் பிறகு அந்த மூலையில் துடிப்புச் சத்தமே இல்லை. செல்லதுரை நிம்மதியாகப் படம் பார்த்தார். லீலாவதிதான் தூங்கவில்லை. வயிற்றுப்பிள்ளை அசைவது குறைந்துகொண்டே வந்தது. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று பதறி, அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா லீலாவதியின் வயிற்றில் மிஷினை வைத்து நகர்த்தினார். துடிப்பு கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு.

மிஷினை மறுபக்கம் நகர்த்தினார். அங்கே இன்னொன்று படபடவென்று ஓடியது.

டாக்டரம்மாவின் கை நின்றது.

"ஏம்மா, ஸ்கேன்ல ஒரு புள்ளைன்னுதான சொன்னாங்க?"

"ஆமாங்க மேடம். ஒண்ணுதாங்க."

அவர் மிஷினை அணைத்தார்.

மெதுவாகத் துடித்தது அடங்கிவிட்டது.

மற்றது அறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.