வைக்கோல் இல்லாத ஊரில் கொடும்பாவி

கொடும்பாவியை இழுத்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய புஷ்பவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மழை இல்லையென்றால் வைக்கோலில் ஒரு பொம்பளை செய்து, சேலை சுற்றி, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பின்னால் மாரடித்து அழுது, கடைசியில் சுடுகாட்டில் கொளுத்துவது அவள் ஊர் வழக்கம். போன வருஷம் இரண்டு பேர் பீடி பிடித்தபடியே இழுத்துப் போனார்கள். இன்று ஆறு தடியன்கள் முக்கினார்கள்.

வெட்கங்கெட்ட ஜனம். ஆவணியில் விதைத்தது முளையிலேயே கருகுகிறது, தப்பிய பருத்தி வெடிக்கிற நேரத்தில் பேய்மழை அடிக்கிறது, அப்புறம் மூன்று வருஷம் வானம் வாயே திறப்பதில்லை. பூமி சூடேறிக் கிடக்கிறது, பருவம் இனிப் பழையபடி வராது, பயிரை மாத்துங்க என்று ஊர்க்கூட்டத்தில் அவள் சொன்னபோது பல்லைக் காட்டினார்கள்.

"டிகிரி படிச்சா மழைக்குத் தேதி சொல்லலாமோ?" என்றார் சாமிதுரை. எழுநூறு அடிக்குப் போர்வெல் போட்டு ஊர்க் கிணறுகளை உறிஞ்சிக் குடித்த மகராசன். அவர் கண்டுபிடித்த காரணம் வேறு. புஷ்பவல்லியின் அம்மா உண்ணாமலைக்குக் கையிலும் உதட்டிலும் வெண்படை. வெள்ளை விழுந்த உடம்பு ஊரில் இருந்தால் மேகம் திரும்பிப் போய்விடுமாம்.

"அப்ப ஒங்க தலையும் வெள்ளதான, மொதல்ல அத மொட்ட அடிங்க" என்றாள் அம்மா.

ஊரே சிரித்தது. சாமிதுரை சிரிக்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்புச் சாம்பலின் வாடையும், ஓட்டிலிருந்து இறங்கிய வெக்கையும், எங்கோ ஒரு ஈ சுவரில் மோதி மோதி விழுகிற சத்தமும். கேழ்வரகுக் களி பாதி கிண்டியபடி இறுகிப்போயிருந்தது, துடுப்பு அதில் குத்திட்டு நின்றது.

"யம்மா?"

பக்கத்து வீட்டுச் செங்கமலம் வாசலுக்கு வந்தாள், உள்ளே வரவில்லை. "காலையிலயே உடையார்பாளையம் போறேன்னு பஸ் ஏறிச்சே ஒங்கம்மா."

"செருப்பு இங்க கெடக்குதேக்கா."

செங்கமலம் கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். "புதுச் செருப்பு போட்டுட்டுப் போயிருக்கும்."

அம்மாவுக்கு ஏது புதுச் செருப்பு?

தூரத்தில் ஒப்பாரி கேட்டது. போன வருஷம் அழுகைக்கு நடுவே கெக்கலித்தவர்கள் இன்று ஒரே குரலில், தாழ்ந்து, நிறுத்தாமல் அழுதார்கள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. மாடுகளைச் சந்தையில் தள்ளிவிட்ட ஊர் இது. கூரையைப் பிடுங்கி மிச்ச மாட்டுக்குப் போட்ட ஊர்.

வைக்கோல் ஏது?

ஓடினாள். புழுதியில் ஆழமான தடம். அகலமான தடம். அங்கங்கே ஈரம். தண்ணீரே இல்லாத தெருவில் ஈரம்.

சுடுகாட்டு வழியில் பெண்கள் நின்றுவிட்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை.

சாமிதுரை குறுக்கே வந்தார். "பொம்பளப்புள்ள இதத் தாண்டக் கூடாதும்மா. வூட்டுக்குப் போ."

"எங்கம்மா எங்க?"

"வரும்மா." அவ்வளவு அன்பாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "மழ வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

முட்டித் தள்ளினாள். பின்னாலிருந்து கைகள். நிறையக் கைகள். தெரிந்த கைகள். ஒன்று வாயைப் பொத்தியது. வெங்காய வாடை.

தீ வைத்தார்கள்.

குப்பென்று எழுந்து அடங்க வேண்டிய தீ. அடங்கவில்லை. நின்று எரிந்தது. உள்ளே ஏதோ சடசடத்தது. சேலை கருகி விலகியது. அந்த வாடை ஊருக்கே தெரியும்.

தீக்குள் அது மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

ஒருத்தனும் அலறவில்லை. ஓடவில்லை. ஊர்ப் பிணங்களை எரிக்கும் வெட்டியான் ஆண்டவர் மட்டும் பச்சை மூங்கிலை எடுத்து, எப்போதும் அடிக்கிற அதே அடியாக, அதன் நெஞ்சில் ஓங்கி அடித்துப் படுக்க வைத்தார்.

மற்ற அத்தனை பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.